பவுலிங் ஆடப் போகிறீர்களா? ஸ்கோர் பலகையைப் படிக்கக் கற்றுக்கொண்டு போங்கள்

வேலூரில் யாரிடமாவது "பவுலிங் போறேன்" என்று சொன்னால், "ஸ்பின்னா, ஃபாஸ்ட்டா?" என்றுதான் கேட்பார்கள். நானும் போன வருடம் வரை அந்தக் கட்சிதான். ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு தோல் கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். ஊழியர்களை எல்லாம் சென்னைக்குக் கூட்டிப்போய், பிரிவுக்கு ஒரு அணி என்று பத்து பின் பவுலிங் போட்டி வைத்தார்கள்; கனமான பந்தை உருட்டி, எதிரே நிற்கிற பத்துக் கட்டைகளைச் சாய்க்கிற ஆட்டம், அந்தக் கட்டைதான் பின். என் மூன்றாவது முறையில், அங்கே ஃபிரேம் என்கிறார்கள், பத்து பின்னும் ஒரே எறியில் சரிந்தன. கைதட்டல் ஓய்ந்து திரும்பிப் பார்த்தால், பலகையில் என் பெயருக்கு நேராக ஒரு பெருக்கல் குறி மட்டும் நிற்கிறது. எண்ணைக் காணோம். நேராகக் கவுன்ட்டருக்குப் போய், "மெஷின்ல கணக்கு ஏறல" என்று சத்தம் போட்டேன். அங்கிருந்த பையன் நிதானமாக, "அடுத்த ரெண்டு பால் போடுங்க சார், தானா வரும்" என்றான்.

நான் அங்கே நியாயம் கேட்டுக்கொண்டிருந்த நேரத்தில், என் முறை என்று தெரியாமல் கொள்முதல் பிரிவு அண்ணன் ஒருவர் எறிந்து, பந்தை ஓரப் பள்ளத்தில் விட்டிருந்தார். கடைசியில் 4 புள்ளியில் தோற்றோம். நீங்கள் அந்த 4 புள்ளியை விட வேண்டாம் என்பதற்காக எழுதுகிறேன்.

1. கிளம்புவதற்கு முன்: போன், பணம், அடையாள அட்டை

எங்கே ஆடுவதானாலும் முதலில் போன் செய்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: கட்டணம் ஆளுக்கு ஒரு ஆட்டம் என்ற கணக்கா, லேனுக்கு (பந்து உருட்டும் பாதைக்கு) ஒரு மணி நேரம் என்ற கணக்கா? இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் உங்கள் பர்ஸில் தெரியும். ஒரு ஆள் ஒரு ஆட்டம் முடிக்கச் சுமார் 10 நிமிடம் பிடிக்கும். புதியவர் என்றால் 15 என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆறு பேர் ஒரு லேனில் நின்றால் ஒரு மணி நேரம் ஒரு ஆட்டத்துக்கே போய்விடும். மணிக்கணக்கில் பணம் கட்டிவிட்டு, ஒவ்வொரு எறிக்கும் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தால் எட்டாவது ஃபிரேமிலேயே பலகை அணைந்துவிடும். எங்களில் ஒரு லேனுக்கு அப்படித்தான் ஆனது.

அடுத்து, ஷூ வாடகை சேர்ந்ததா, சாக்ஸ் தருவார்களா, ஜி.எஸ்.டி. சேர்த்துச் சொல்கிறார்களா என்று கேளுங்கள். மால்களில் இருக்கும் சில இடங்களில் ரொக்கம் வாங்க மாட்டார்கள். அவர்களுடைய கார்டை வாங்கி, அதில் குறைந்தபட்சம் இவ்வளவு பணம் ஏற்ற வேண்டும் என்பார்கள். மிச்சப் பணம் திரும்பி வராது. பத்துப் பேர் போனால் பத்துக் கார்டு வாங்காதீர்கள். இரண்டு கார்டு போதும்.

ஆவணம் என்று பெரிதாக எதுவும் இல்லை. கல்லூரி மாணவர்கள் அடையாள அட்டையை எடுத்துப் போகலாம், வார நாட்களில் சலுகை உண்டா என்று கேட்க உதவும். வயதுப் பிரிவு வைத்து நடக்கும் போட்டி என்றால் ஆதாரோ பிறப்புச் சான்றிதழோ கேட்பார்கள். மூலத்தோடு ஒரு நகலும் இருக்கட்டும். "அடிபட்டால் எங்கள் பொறுப்பில்லை" என்று கையெழுத்து வாங்குகிற இடங்களும் உண்டு. பிள்ளைகளுக்குப் பெற்றோர்தான் போட வேண்டும்.

காட்பாடியிலிருந்து சென்னை சென்ட்ரல் சுமார் 130 கி.மீ. எக்ஸ்பிரஸில் இரண்டு மணி நேரத்தை ஒட்டி ஆகும். முன்பதிவு டிக்கெட் என்றால், அந்த டிக்கெட்டில் இருப்பவர்களில் ஒருவராவது அசல் அடையாள அட்டை வைத்திருக்க வேண்டும். ஞாயிறு மாலை போகாதீர்கள். லேனுக்குக் காத்திருந்தே பொழுது போய்விடும். வார நாள் காலையில் ஆளே இருக்காது.

2. ஷூவும் பந்தும்

செருப்புத் தொழில் ஊர்க்காரன் என்பதால் ஷூவை முதலில் திருப்பிப் பார்த்தேன். சாதாரண ஷூவில் அடிப்பாகம் வழுக்கக் கூடாது. பவுலிங் ஷூவில் வழுக்கித்தான் ஆக வேண்டும், கடைசி அடியில் கால் சறுக்கி நிற்பதற்காக. அதனால்தான் சொந்த ஷூவோடு விட மாட்டார்கள். அதைப் போட்டுக்கொண்டு கழிவறைக்கோ தண்ணீர் குடிக்கவோ போகாதீர்கள். அடியில் ஈரம் பட்டால் சறுக்க வேண்டிய கால் அப்படியே ஒட்டிக்கொள்ளும், ஆள் குப்புற விழுவார். சாக்ஸை வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள்.

பந்துகளில் 6 முதல் 16 வரை எண் போட்டிருக்கும். அது பவுண்டு. 8 என்றால் சுமார் 3.6 கிலோ, 10 என்றால் நாலரை, 16 என்றால் 7.26 கிலோ. 16தான் விதிப்படி உச்சம். உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். முதல் நாள் அதற்கும் கொஞ்சம் குறைத்தே எடுங்கள். ஆண்பிள்ளைத்தனம் காட்ட 14 எடுத்தவர்கள் எல்லாம் ஐந்தாவது ஃபிரேமில் 10க்கு இறங்கிவிட்டார்கள்.

பந்தில் மூன்று துளை. கட்டைவிரல் முழுதும் உள்ளே போக வேண்டும். நடுவிரலும் மோதிரவிரலும் இரண்டாவது கணு வரை. கட்டைவிரலை உள்ளே விட்டுச் சுழற்றிப் பாருங்கள். லேசாக உரசிக்கொண்டு சுழன்றால் அதுதான் உங்கள் பந்து. இறுக்கமாக இருந்தால் விடுகிற நேரத்தில் விரல் சிக்கும். நம் ஊர் வெயிலில் பழகிய கை ஏசிக்குள்ளும் வியர்க்கும், ஒரு சின்னத் துண்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பந்து திரும்பி வரும் தட்டில் கையை நீட்டும்போது மட்டும் கவனம். பின்னாலிருந்து அடுத்த பந்து உருண்டு வந்து முட்டும். இரண்டு பந்துக்கும் நடுவில் விரல் இருந்தால் அன்றைய ஆட்டம் அத்தோடு சரி. பந்தின் இரு பக்கவாட்டிலும் கை வைத்துத் தூக்குங்கள்.

3. லேனில் எது என்ன

நீங்கள் நிற்கிற கோட்டிலிருந்து முதல் பின் வரை 60 அடி. அகலம் மூன்றரை அடிதான். இரண்டு பக்கமும் ஓடுகிற பள்ளம் கட்டர். பந்து அதில் விழுந்தால் அந்த எறிக்குப் பூஜ்யம்.

கறுப்பாக ஒரு கோடு இருக்கும். அது ஃபவுல் கோடு. அதைக் காலால் தொட்டாலோ தாண்டினாலோ விழுந்த பின்கள் எதுவும் கணக்கில் சேராது, ஆனால் எறி மட்டும் செலவாகிவிடும். சாதாரண ஆட்டத்தில் இதைக் கண்டுகொள்ள மாட்டார்கள். கண்டுகொள்ளாவிட்டாலும் தாண்டாதீர்கள், கோட்டுக்கு அந்தப் பக்கம் எண்ணெய் பூசியிருக்கிறது. கண்ணுக்குத் தெரியாது, காலுக்குத் தெரியும்.

கோட்டிலிருந்து 15 அடி தள்ளித் தரையில் ஏழு அம்புக்குறிகள் இருக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. 60 அடிக்கு அப்பால் இருக்கிற பின்னைப் பார்த்து எறிவதைவிட, 15 அடியில் இருக்கிற அம்பைப் பார்த்து எறிவது எவ்வளவோ சுலபம். வலக்கைக்காரர்கள் வலமிருந்து இரண்டாவது அம்பிலிருந்து தொடங்கலாம்.

பின்கள் நிற்கும் விதம் இடுக்குப்புள்ளிக் கோலத்தில் பாதி. முன்னால் ஒன்று, அடுத்து இரண்டு, மூன்று, நான்கு. எண்ணும் முன்னாலிருந்து, இடமிருந்து வலமாக: முதல் பின் 1; அடுத்த வரிசை 2, 3; பிறகு 4, 5, 6; கடைசியில் 7, 8, 9, 10. அதாவது பின்வரிசையின் இடது மூலை 7, வலது மூலை 10. முதல் பின்னை நேர் நெற்றியில் அடித்தால் நடுவில் பாதை வெட்டி இரண்டு ஓரமும் நின்றுவிடும். வலக்கைக்காரர் 1க்கும் 3க்கும் நடுவில் குறிவைக்க வேண்டும், இடக்கைக்காரர் 1க்கும் 2க்கும் நடுவில். அந்த இடுக்குக்குப் பெயர் பாக்கெட்.

4. கணக்கு: இங்கேதான் எல்லாரும் வழுக்குகிறார்கள்

ஒரு ஆட்டத்துக்கு 10 ஃபிரேம். ஒவ்வொரு ஃபிரேமிலும் பத்து பின்னை வீழ்த்த இரண்டு எறி. இரண்டிலும் சேர்த்து 7 விழுந்தால் 7 புள்ளி. பின் மிச்சம் நின்றுவிட்ட இந்த மாதிரி ஃபிரேமை ஓபன் என்பார்கள். இதுவரை சிக்கல் இல்லை.

இரண்டாவது எறியில் மிச்சம் எல்லாம் விழுந்தால் ஸ்பேர். பலகையில் ஒரு சாய்கோடு விழும். புள்ளி 10, அதோடு அடுத்த ஒரு எறியில் விழும் பின்கள்.

முதல் எறியிலேயே பத்தும் விழுந்தால் ஸ்ட்ரைக். பெருக்கல் குறி விழும். புள்ளி 10, அதோடு அடுத்த இரண்டு எறியில் விழும் பின்கள். அந்த ஃபிரேமில் இரண்டாவது எறி கிடையாது.

எங்கள் பிரிவு மொழியில் சொன்னால், ஸ்பேர் என்பது ஒரு பில் வர வேண்டிய கணக்கு, ஸ்ட்ரைக் என்பது இரண்டு பில் வர வேண்டிய கணக்கு. பில் வராமல் மொத்தம் போட முடியாது. அதனால்தான் பலகையில் எண் தெரியாமல் காலியாக நிற்கிறது. அது கோளாறு இல்லை. நான் சத்தம் போட்டது அதற்குத்தான்.

ஒரு முழு ஆட்டத்தை எழுதிப் பார்ப்போம். பேனா எடுத்துக்கொண்டு கூடவே வாருங்கள்.

முதல் ஃபிரேம்: 7, 2. ஓபன். மொத்தம் 9.

இரண்டாவது: 8, பிறகு மிச்சம் 2. ஸ்பேர். மொத்தம் போடாமல் நிறுத்துங்கள்.

மூன்றாவது: ஸ்ட்ரைக். ஸ்பேருக்கு வர வேண்டிய ஒரு எறி வந்துவிட்டது: 10 + 10 = 20. இரண்டாவது ஃபிரேம் முடிவில் 29. ஸ்ட்ரைக் இன்னும் திறந்தே இருக்கிறது.

நான்காவது: 6, 3. ஸ்ட்ரைக்குக்கு 10 + 6 + 3 = 19. மூன்றாவது முடிவில் 48. நான்காவதன் சொந்தக் கணக்கு 9, ஆக 57. அந்த 6ம் 3ம் இரண்டு இடத்தில் ஏறியிருப்பதைக் கவனித்தீர்களா? ஒரே பின்னுக்கு இரண்டு முறை புள்ளி கிடைக்கிறது. போனஸ் என்பது இவ்வளவுதான்.

ஐந்தாவது: ஸ்ட்ரைக். ஆறாவது: ஸ்ட்ரைக். இரண்டுமே திறந்து நிற்கின்றன.

ஏழாவது: 8, 1. இப்போது வரிசையாக மூடுங்கள். ஐந்தாவதுக்கு அடுத்த இரண்டு எறி என்பது ஆறாவது ஸ்ட்ரைக்கும் இந்த 8ம்: 10 + 10 + 8 = 28, மொத்தம் 85. ஆறாவதுக்கு 10 + 8 + 1 = 19, மொத்தம் 104. ஏழாவதுக்கு 9, மொத்தம் 113. கையால் எழுதுபவர்கள் அதிகம் தப்புச் செய்கிற இடம் இது. அடுத்த இரண்டு ஃபிரேம் என்று எடுத்துக்கொண்டு 10 + 10 + 9 என்று போட்டுவிடுவார்கள். எறியைத்தான் எண்ண வேண்டும், ஃபிரேமை இல்லை.

எட்டாவது: முதல் பந்து கட்டரில், இரண்டாவதில் பத்தும் விழுந்தது. இது ஸ்ட்ரைக் இல்லை, ஸ்பேர். இரண்டாவது எறியில் முடித்தது எதுவானாலும் ஸ்பேர்தான். இதற்கு ஒரு பந்தயமே எங்கள் லேனில் நடந்தது.

ஒன்பதாவது: 9, பிறகு பூஜ்யம். எட்டாவதுக்கு 10 + 9 = 19, மொத்தம் 132. ஒன்பதாவதுக்கு 9, மொத்தம் 141. பூஜ்யத்துக்குப் பலகையில் ஒரு சின்னக் கோடு விழும்.

பத்தாவது ஃபிரேமுக்குத் தனி விதி. அதில் ஸ்பேர் போட்டால் கூடுதலாக ஒரு எறி, ஸ்ட்ரைக் போட்டால் கூடுதலாக இரண்டு. போனஸ் பில் வருவதற்கு அப்புறம் ஃபிரேம் இல்லையே, அதற்காக அங்கேயே தருகிறார்கள். இதில் விழுந்த பின்களை வெறுமனே கூட்ட வேண்டியதுதான், போனஸுக்கு மேல் போனஸ் கிடையாது. ஸ்ட்ரைக், 7, மிச்சம் 3 என்றால் 20. மொத்தம் 161.

உண்மையில் நீங்கள் வீழ்த்திய பின்கள் 106தான். மீதி 55 போனஸ்.

உச்ச ஸ்கோர் 300, அதற்குத் தொடர்ந்து 12 ஸ்ட்ரைக் வேண்டும். அதை விடுங்கள். என்னைக் கேட்டால் புதியவர் ஸ்ட்ரைக்கை மறந்துவிட்டு ஸ்பேரைப் பழக வேண்டும். பத்து ஃபிரேமிலும் 9 போட்டு, மிச்சம் ஒன்றை விட்டுவிட்டால் 90. அதே 9 போட்டு, அந்த ஒன்றையும் ஒவ்வொரு முறையும் எடுத்து, கடைசிக் கூடுதல் எறியிலும் 9 போட்டால் 190. ஒரு ஸ்ட்ரைக் கூட இல்லாமல் நூறு புள்ளி வித்தியாசம்!

ஒரு சின்ன எச்சரிக்கை. சில சர்வதேசப் போட்டிகளில் ஸ்ட்ரைக்குக்கு உடனே 30, ஸ்பேருக்கு 10 + அதே ஃபிரேமின் முதல் எறி என்று வேறு கணக்கும் பயன்படுத்தியிருக்கிறார்கள். யூடியூபில் அதைப் பார்த்துவிட்டு வந்து குழம்ப வேண்டாம். மால் லேன்களில் ஓடுவது மேலே சொன்ன பழைய முறைதான்.

5. காதில் விழும் வார்த்தைகள்

தொடர்ந்து இரண்டு ஸ்ட்ரைக் டபுள், மூன்று டர்க்கி. முதல் பின் விழுந்து, மற்றவை நடுவில் இடைவெளி விட்டு நின்றால் ஸ்ப்ளிட். பலகையில் எண்ணைச் சுற்றி வட்டம் போட்டிருக்கும். 7ம் 10ம் மட்டும் ஆளுக்கொரு மூலையில் நின்றால் அதுதான் மோசமான ஸ்ப்ளிட். இரண்டையும் எடுக்கப் பார்த்து இரண்டையும் விடாமல், ஒன்றை மட்டும் பார்த்து எறியுங்கள். வலக்கைக்காரர் எறிந்த பந்து பாக்கெட்டைத் தவறவிட்டு 1க்கும் 2க்கும் நடுவில் போய்ப் பின்களைச் சாய்த்தால் புரூக்ளின் என்பார்கள். அதிர்ஷ்டம் என்பதன் மரியாதையான பெயர். பம்பர் என்பது கட்டரை மூடும் தடுப்பு; குழந்தைகளுக்குக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், தயங்க வேண்டாம்.

ஸ்கிராட்ச் என்றால் அப்படியே விழுந்த ஸ்கோர். ஹேண்டிகேப் என்றால் சராசரி குறைந்தவர்களுக்கு முன்கூட்டியே சேர்த்துத் தரும் புள்ளி. உதாரணமாக, 200லிருந்து உங்கள் சராசரியைக் கழித்து, மீதியில் 80 சதவீதம் என்று வைத்தால், சராசரி 120 உள்ளவருக்கு 64. அலுவலகப் போட்டி நடத்துபவர்கள் இதை முதலிலேயே பேசி எழுதிவிடுங்கள். பரிசு கொடுக்கிற நேரத்தில் பேசினால் அடிதடிதான்.

6. பலகையில் தப்பு வந்தால்

பெயரைப் பதியும்போதே எறியும் வரிசையில் பதியுங்கள். இடையில் யாராவது டீ குடிக்கப் போனால் அவர் வரும்வரை நிறுத்துங்கள், வேறு யாரும் எறிய வேண்டாம். அம்மா, அப்பா, குழந்தை என்று சும்மா ஆடும்போது பரவாயில்லை. போட்டியில் என் கதைதான் ஆகும்.

மெஷினும் சில நேரம் தவறாக எண்ணும். ஆடிக்கொண்டே நின்ற பின்னை விழுந்ததாக எடுத்துக்கொள்ளும். இடம் மாறி நகர்ந்து நிற்கிற பின், விதிப்படி நிற்கிற பின்தான். கட்டரில் விழுந்த பந்து துள்ளி மேலேறி ஒரு பின்னைத் தட்டினாலும் அது கணக்கில் வராது. சந்தேகம் என்றால் அடுத்த பந்தை எறியாமல் உதவி பொத்தானை அழுத்துங்கள், அல்லது ஆளைக் கூப்பிடுங்கள். கவுன்ட்டரில் இருப்பவர் திருத்தித் தருவார். இரண்டு ஃபிரேம் தாண்டியபின் போய்ச் சொன்னால் நம்புவதற்கு அவரிடம் ஒன்றும் இருக்காது. ஆட்டம் முடிந்ததும் பலகையைப் போட்டோ எடுத்துவிடுங்கள், அடுத்த ஆட்டம் தொடங்கினால் அது போய்விடும்.

பக்கத்து லேனில் ஒருவர் எறிய நின்றால் நீங்கள் ஏறாதீர்கள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வந்துவிட்டால் வலப்பக்கம் இருப்பவர் முதலில்.

7. வீட்டிலேயே பழக

பத்து ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலில் கால்வாசி தண்ணீர், ஒரு ரப்பர் பந்து. சத்துவாச்சாரியில் எங்கள் மொட்டை மாடியில் ஆறு மணிக்கு வெயில் இறங்கிய பிறகு இதுதான் இப்போது நடக்கிறது. ஒரு பாட்டிலின் மையத்திலிருந்து பக்கத்துப் பாட்டிலின் மையத்துக்கு ஒரு அடி விடுங்கள், நிஜ லேனிலும் அதே அளவுதான். பாட்டில் அடுக்குவது அக்கா மகன் வேலை, கணக்கு என் வேலை. முதல் நாள் அவன் பத்தையும் சாய்த்துவிட்டு நோட்டை எட்டிப் பார்த்து, "மாமா, என் மார்க்கை ஏன் எழுதல?" என்று கோபப்பட்டான். "அடுத்த ரெண்டு போடு, தானா வரும்" என்றேன்.

மாடியும் பாட்டிலும் இல்லாதவர்கள் தாளில் பழகலாம். முதல் ஃபிரேம் ஸ்ட்ரைக், இரண்டாவது ஸ்பேர், மூன்றாவது ஸ்ட்ரைக் என்று மாறி மாறி எழுதிக்கொண்டே போங்கள். பத்தாவதில் ஸ்பேர் போட்டு, கூடுதல் எறியில் ஸ்ட்ரைக். சரியாக 200 வர வேண்டும். வராவிட்டால் முதலில் பத்தாவது ஃபிரேமைப் பாருங்கள். அங்கேதான் இன்னொரு போனஸைச் சேர்த்திருப்பீர்கள்.